கழுதை தேய்ந்து கட்டெறும்பான சொற்கள்: ஐரோப்பாவின் ‘ஆமாம்’களும் ‘இல்லை’களும்

பிரெஞ்சுக்காரர் ‘ஆமாம்’ என்பதை ‘வி’ என்ற ஓரசையில் முடித்துவிடுவார். அந்த ஓரசைக்குள் ஒரு வாக்கியத்தின் மிச்சம் கிடக்கிறது. லத்தீனில் ‘ஹோக்’ என்றால் ‘இது’. ‘இல்லே’ என்றால் ‘அவன்’. ‘ஹோக் இல்லே’, அதாவது ‘இதை அவன் செய்தான்’ என்பதில் வினைச்சொல் விட்டுப்போன வடிவம், பேச்சில் தேய்ந்து ‘ஓயில்’ ஆனது. பிறகு கடைசி மெய் உதிர்ந்து ‘வி’யில் வந்து நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று நாம் கேலியாகச் சொல்வது, மொழிகளில் அன்றாடம் நடப்பதுதான்.

‘இல்லே’ என்றதும் தமிழ்க் காதில் மறுப்பு விழும். அது தற்செயல்; லத்தீன் ‘இல்லே’க்கும் நம் ‘இல்லே’க்கும் எந்த உறவும் இல்லை. சின்னச் சொற்களின் மூலத்தைத் தேடுகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இது என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறோம். காரணத்தைக் கடைசியில் பார்ப்போம்.

சொல் ஏன் தேய்கிறது? அடிக்கடி சொல்லப்படுவதாலும், கேட்பவர் பாதியிலேயே ஊகித்துவிடுவதாலும். நிறையப் புழங்கும் சொற்கள் குட்டையாகவும் அரிதாகப் புழங்குபவை நீளமாகவும் இருக்கும் போக்கை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஜிப்ஃப் 1930-களில் எண்ணிக் காட்டினார். தமிழிலேயே பாருங்கள்: ‘வரவேண்டும்’ என்பது பேச்சில் ‘வரணும்’. ‘வேண்டும்’ என்ற முழு வினையில் மிஞ்சியது ‘ணும்’ மட்டும். ‘ஆகும்’ என்பது சுருங்கித்தான் ‘ஆம்’ ஆனது. ஆக, நம் ‘ஆமாம்’கூட ஒரு வினைமுற்றின் வாரிசுதான்.

தேய்ந்துபோன சொல் சும்மா கிடப்பதில்லை. மிகவும் மெலிந்தால் காதில் விழாது. அப்போது பேசுகிறவர்கள் இன்னொரு சொல்லை முட்டுக்கொடுப்பார்கள். பிறகு அதுவும் சேர்ந்து தேயும். ‘இன்று’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல் இதற்கு நல்ல சாட்சி. லத்தீனில் ‘இந்த நாளில்’ என்ற தொடர் சேர்ந்து ‘ஹோதியே’ ஆனது. அதுதான் இத்தாலியில் ‘ஓஜ்ஜி’, ஸ்பானிஷில் ‘ஓய்’, பழைய பிரெஞ்சில் ‘உயி’. பிரெஞ்சு வடிவம் மிகவும் மெலிந்துவிடவே, அதற்கு முன்னால் ‘நாளில்’ என்று சேர்த்து ‘ஓஜூர்துயி’ என்றார்கள். பொருள்: ‘இந்நாளின் நாளில்’. அதுவும் போதாமல், இன்று சிலர் அதற்கு முன்னால் மறுபடியும் ‘நாளில்’ சேர்த்து, ‘இந்நாளின் நாளின் நாளில்’ என்கிறார்கள். மொழிக் காவலர்கள் முகம் சுளிக்கிறார்கள், வழக்கு நிற்கவில்லை.

‘ஆமாம்’ இல்லாத மொழி

பண்டை லத்தீனில் ‘ஆமாம்’ என்பதற்கென்று நிலையான ஒரு சொல் கிடையாது. ‘வந்தாயா?’ என்று கேட்டால் ‘வந்தேன்’ என்று வினையைத் திருப்பிச் சொல்வது அங்கே இயல்பான விடை. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். நாமும் பாதி நேரம் அப்படித்தான் பேசுகிறோம். ஐரிஷ் மொழியில் இன்றும் அப்படித்தான். ‘இருக்கிறதா?’ என்றால் ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று வினை வடிவத்தில்தான் விடை வரும். எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் தனிச் சொல் அதில் இல்லை. வெல்ஷ் மொழி கற்பவர்கள் திணறுவதும் இங்கேதான். ‘பால் இருக்கிறதா?’ என்பதற்கு ஓர் ஆமாம், ‘இருந்ததா?’ என்பதற்கு வேறோர் ஆமாம், நடந்து முடிந்ததைக் கேட்டால் இன்னோர் ஆமாம் என்று கேள்வியின் வினையைப் பார்த்து விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்ச்சுகீசில் ‘ஆமாம்’ இருக்கிறது. ஆனாலும் ‘காபி வேண்டுமா?’ என்றால் ‘கேரு’, அதாவது ‘வேண்டும்’ என்று சொல்வதுதான் அங்கே இயல்பு.

லத்தீனில் வினையைத் திருப்பிச் சொல்லாதபோது, ‘அப்படியே’ என்ற பொருளில் ‘ஸீக்’ என்றும் சொல்வார்கள். லத்தீன் சிதறி வட்டார மொழிகளானபோது ஒவ்வொரு வட்டாரமும் தனக்குப் பிடித்த துண்டை எடுத்துக்கொண்டது. இத்தாலியும் ஸ்பெயினும் ‘ஸீக்’கை எடுத்தன: ‘ஸி’. போர்ச்சுகல் அதையே மூக்கொலியோடு ‘ஸிம்’ என்றது. தெற்குப் பிரான்ஸ் ‘ஹோக்’கை மட்டும் எடுத்து ‘ஓக்’ என்றது. வடக்குப் பிரான்ஸ், ‘ஹோக்’ தேய்ந்து மிஞ்சிய ‘ஓ’வோடு பிரதிப்பெயரைச் சேர்த்தது. தொடக்கத்தில் ஆளுக்கேற்ப ‘ஓ நான்’, ‘ஓ அவன்’ என்று மாற்றிச் சொன்னார்கள். பிறகு ‘அவன்’ வடிவமே எல்லோருக்கும் பொதுவாகி ‘ஓயில்’ நிலைத்தது. அதே அச்சில் வார்த்த மறுப்புச் சொல்லும் உண்டு: ‘நென்னில்’, பின்னர் ‘நென்னி’. இப்போது அது பழைய வாடை அடிக்கும் சொல்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டார மொழிகளைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலில் இந்த மொழிகளை வகைப்படுத்த எடுத்த அளவுகோல் இதுதான்: ‘ஓக்’ என்பவர்கள், ‘ஓயில்’ என்பவர்கள், ‘ஸி’ என்பவர்கள். மொழிகளைப் பிரிக்க ‘ஆமாம்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்தது கூர்மையான பார்வை என்றே சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள் இன்னும் வழக்கில் இருக்கின்றன. தெற்குப் பிரான்சின் ‘லாங்தோக்’ என்ற வட்டாரப் பெயருக்கு ‘ஓக் மொழி’ என்று பொருள். 2016-இல் அந்தப் பக்கத்தில் உருவான பெரிய நிர்வாகப் பகுதிக்கு ‘ஒக்சித்தானி’ என்று பெயர் வைத்தபோதும் உள்ளே இருப்பது அதே ‘ஓக்’. ஓர் ‘ஆமாம்’ நிலப்பரப்பின் பெயராக ஆவது அபூர்வம்.

ருமேனியன் லத்தீன் குடும்பத்து மொழி. ஆனால் அதன் ‘ஆமாம்’ ‘தா’. அது அண்டை ஸ்லாவிய மொழிகளிடம் கடன் வாங்கியது. அவ்வளவு அடிப்படையான சொல்லைக் கடன் வாங்குவார்களா என்று தோன்றலாம். வாங்குவார்கள். அக்கம்பக்கத்தில் நாள் முழுக்க இருமொழி பேசும் ஊர்களில் இப்படிப்பட்ட சில்லறைச் சொற்களும் எளிதில் தாவும். ‘ஸீக்’ போலவே ‘அப்படி’ என்ற சொல் ‘ஆமாம்’ ஆன இன்னொரு இடம் போலந்து: ‘தாக்’. இது கடன் இல்லை. ஒரே யோசனை இரண்டு இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கிறது.

ஆங்கில ‘யெஸ்’ஸும் கலவைதான். பழைய ஆங்கிலத்தில் எளிய ‘ஆமாம்’ ‘யா’ போன்ற ஒலி. ஜெர்மன் ‘யா’வின் உடன்பிறப்பு. அதனுடன் ‘ஆகட்டும்’ என்ற பொருளுள்ள வினை ஒட்டிக்கொண்டதுதான் ‘யெஸ்’ என்று கருதப்படுகிறது.

‘இல்லை’யின் சுழற்சி

‘ஆமாம்’ பல வழிகளில் பிறந்தது. ‘இல்லை’க்குப் பெரும்பாலும் ஒரே சமையல் குறிப்பு. ‘ந’ என்ற தொன்மையான மறுப்பு ஒலியோடு மிகச் சிறிய அளவு ஒன்றைச் சேர்க்க வேண்டும், பிறகு காய்ச்ச வேண்டும்.

லத்தீன் ‘நோன்’ என்பது ‘நெ’ + ‘ஓய்னோம்’. பொருள் ‘ஒன்றுகூட இல்லை’. இடைப்பட்ட ‘நோய்னும்’ என்ற வடிவம் பழைய லத்தீனில் பதிவாகியிருக்கிறது. ஜெர்மன் ‘நைன்’ என்பது ‘நி’ + ‘ஐன்’. அதுவும் ‘ஒன்றுகூட இல்லை’. ‘ஓய்னோம்’, ‘ஐன்’ இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்த ‘ஒன்று’கள். ஆனால் ‘நோன்’, ‘நைன்’ இரண்டும் ஒரு தாய்ச் சொல்லின் பிள்ளைகள் அல்ல. ஒரே சரக்கை வைத்து இரண்டு வீடுகளில் தனித்தனியாகச் சமைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘நைன்’னுக்கு நேரான சொல் எது என்றால் பலரும் ‘நோ’ என்பார்கள். சரியான விடை ‘நன்’. விடையாகச் சொல்லும் ‘நோ’ என்பது ‘ந’ + ‘எப்போதும்’, அதாவது ‘ஒருபோதும் இல்லை’. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘நோ’ வேறு சொல். அது ‘நன்’னின் குறுகிய வடிவம். எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒன்றெனத் தெரிகின்றன.

பிரெஞ்சுதான் இதில் பாடப்புத்தக உதாரணம். பழைய பிரெஞ்சில் வினைக்கு முன்னால் ‘ந’ போட்டால் மறுப்பு முடிந்தது. ‘ந’ மெலியவே, வினைக்குப் பின்னால் ஒரு சிட்டிகை அளவுப் பொருளை முட்டுக்கொடுத்தார்கள். நடப்பதற்கு ‘பா’, அதாவது ஓர் அடி: ஓர் அடிகூட நடக்கவில்லை. உண்பதற்கு ‘மீ’: ஒரு துணுக்குக்கூட உண்ணவில்லை. குடிப்பதற்கு ‘கூத்’: ஒரு துளிகூடக் குடிக்கவில்லை. ‘ப்வேன்’ என்றால் ஒரு புள்ளி. தமிழில் ‘துளிக்கூட’, ‘எள்ளளவும்’, ‘இம்மியும்’ என்கிறோமே, அதே வேலை. நாளடைவில் ‘பா’ மற்றவற்றை ஓரங்கட்டியது. நடையோடு தொடர்பே இல்லாத வினைகளுக்கும் ‘பா’ வந்தது. ‘எனக்குப் புரியவில்லை’ என்னும்போது யாரும் காலடியை நினைப்பதில்லை.

அடுத்த கட்டம் இன்று நடந்துகொண்டிருக்கிறது. பேச்சுப் பிரெஞ்சில் ‘ந’வையே விட்டுவிடுகிறார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பது எழுத்தில் ‘ஜ ந ஸே பா’. தெருவில் ‘ஷே பா’. மறுப்பாக இருந்த சொல் போய்விட்டது, ‘ஓர் அடி’ என்ற பெயர்ச்சொல் மறுப்பாகிவிட்டது. முட்டுக்கொடுத்த கம்பே தூணாக நிற்கிறது.

டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-இல் இந்தச் சுழற்சியைப் பல மொழிகளில் காட்டினார். அதனால் இன்று ‘யெஸ்பெர்சன் சுழற்சி’ என்கிறார்கள். மறுப்பு மெலியும், முட்டு வரும், முட்டே மறுப்பாகும், அதுவும் மெலியும். ஆங்கிலம் இதை ஏற்கெனவே முடித்துவிட்டது. முதலில் வினைக்கு முன் ‘நெ’ மட்டும். பிறகு முன்னால் ‘நெ’, பின்னால் ‘நாட்’. பிறகு ‘நாட்’ மட்டும். அந்த ‘நாட்’ என்பதே ‘ந’ + ‘எப்போதும்’ + ‘விஹ்ட்’ என்ற மூன்று துண்டுகள். ‘விஹ்ட்’ என்றால் பொருள், உயிர். ஜெர்மன் ‘நிஹ்ட்’ உள்ளே இருப்பதும் அதே ‘விஹ்ட்’. இப்போது ‘நாட்’டும் தேய்ந்து, ‘டோன்ட்’, ‘கான்ட்’ என்று வால் அளவுக்கு வந்துவிட்டது. அமெரிக்க ஆங்கிலம் கேட்பவர்களுக்கு ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டும் குழம்புவதற்குக் காரணம் இதுதான்; கடைசி ‘ட்’ பெரும்பாலும் காதில் விழாது. உயிரொலியைக் கவனியுங்கள். சட்டென்று ‘கன்’ என்று நழுவினால் முடியும்; ‘கேன்’ என்று முழு உயிரோடு அழுத்தினால், அடுத்து வினைச்சொல் வருமென்றால், அது பெரும்பாலும் முடியாது.

கிரேக்கம் இதே வழியில் போய் இன்னும் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. பழைய மறுப்பு ‘ஊ’. ‘ஊதென்’ என்றால் ‘ஒன்றுகூட இல்லை’. இதில் முன்னால் இருக்கும் ‘ஊ’ உதிர்ந்து, இன்று வினையை மறுக்கும் சொல் வெறும் ‘தென்’. மறுத்த ஒலி போனது, ‘கூட ஒன்று’ மட்டும் மறுக்கிறது. விடையாகச் சொல்லும் ‘ஓஹி’யில் பழைய மறுப்பின் சுவடு இன்னும் உண்டு. 1940 அக்டோபர் 28-இல் இத்தாலியின் இறுதி எச்சரிக்கையைக் கிரேக்கப் பிரதமர் மெத்தாக்ஸாஸ் நிராகரித்த நாளை அங்கே ‘ஓஹி நாள்’ என்று தேசிய விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அந்த உரையாடல் நடந்ததோ பிரெஞ்சில்!

ஸ்பானிஷ் ‘நாதா’வுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று பொருள். அதன் மூலப்பொருள் ‘பிறந்தது’. லத்தீனில் ‘ரேஸ் நாத்தா’, பிறந்த பொருள், அதாவது இவ்வுலகில் உள்ள எந்தப் பொருளும். ‘பிறந்த பொருள் எதுவும் இல்லை’ என்று மறுப்போடு சேர்ந்தே புழங்கியதால் மறுப்பு அதற்குள் இறங்கிவிட்டது. ஸ்பானிஷ் ‘பிறந்த’ என்பதை வைத்துக்கொண்டது. கத்தலான் ‘பொருள்’ என்பதை வைத்துக்கொண்டு ‘ரெஸ்’ என்கிறது. பிரெஞ்சின் ‘ரியேன்’ அதே பொருட்சொல்லின் இரண்டாம் வேற்றுமை. நேர்ப்பொருள் கொண்ட பெயர்ச்சொல் மூன்று மொழிகளில் ‘ஒன்றுமில்லை’ ஆகியிருக்கிறது. ஸ்பானிஷில் பழைய நிலையின் தடமும் காணலாம். ‘நாதா’ வினைக்குப் பின்னால் வந்தால் முன்னால் ‘நோ’ கட்டாயம். வினைக்கு முன்னால் வந்தால் ‘நோ’ போடக் கூடாது. இதை இரட்டை மறுப்பு என்று எண்ணிக் குழம்புவதைவிட, ‘நாதா’வை ‘எதுவும்’ என்று வைத்துப் படித்தால், ‘நோ’வோடு வரும் முதல் வகை எளிதில் விளங்கும்.

ரஷ்ய ‘நியெத்’ வேறு ரகம். ‘இங்கே இருக்கவில்லை’ என்ற தொடர் சுருங்கியது அது. பேச்சில் இன்னும் ‘நியேத்து’ என்ற சற்று நீண்ட வடிவம் உண்டு. அதனால்தான் ‘நேரம் இல்லை’, ‘பணம் இல்லை’ என்பதற்கும் ரஷ்யர் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார். நம் ‘இல்லை’யும் இருப்பை மறுக்கும் சொல்தான் என்பதால், இதில் ஆங்கிலம் வழியாக ரஷ்யன் படிப்பவரைவிடத் தமிழருக்கு வேலை சுலபம். பின்னிஷில் மறுப்பு ஒரு வினைச்சொல்லாகவே இருந்து ஆளுக்கேற்பத் திரிகிறது: நான் என்றால் ‘எந்’, நீ என்றால் ‘எத்’, அவர் என்றால் ‘எய்’. பழந்தமிழின் ‘அல்லேன், அல்லை, அல்லன்’ தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

‘நீங்கள் வரவில்லையா?’

சொற்களின் வரலாறு இருக்கட்டும். அன்றாடம் தவறு நடக்கும் இடம் இதுதான். ‘வரவில்லையா?’ என்று கேட்டால், தமிழர் ‘ஆமாம், வரவில்லை’ என்பார். கேட்டவரின் ஊகம் சரி என்பதற்குத்தான் அந்த ‘ஆமாம்’. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றிலும் விடை ஊகத்தைப் பார்ப்பதில்லை, நடப்பைப் பார்க்கிறது. வராதவர் ‘நோ’, ‘நோன்’, ‘நைன்’ என்றே தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நீங்கள் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

‘இல்லையே, வருகிறேன்’ என்று ஊகத்தை மறுக்கச் சில ஐரோப்பிய மொழிகளில் தனிச் சொல்லே உண்டு. பிரெஞ்சில் ‘ஸி’, லத்தீன் ‘ஸீக்’ அங்கே இந்த வேலைக்கு மட்டும் தங்கியிருக்கிறது. இந்த இடத்தில் ‘வி’ என்றால் தவறாக ஒலிக்கும். ஜெர்மனில் ‘டோஹ்’, டேனிஷில் ‘யோ’, ருமேனியனில் ‘பா தா’. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நான்கு சொல் இருந்தன: நேர்க்கேள்விக்கு ‘யே’, ‘நே’; எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. 16-ஆம் நூற்றாண்டில் ‘நே’ வரவேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டதற்காக விவிலிய மொழிபெயர்ப்பாளர் வில்லியம் டின்டேலை ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் கடிந்து எழுதினார். ஆனால் வேறுபாடு நிற்கவில்லை. எதிர்மறைக்கு மட்டும் உரிய சோடி முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது.

பிரெஞ்சில் இன்னொரு பள்ளம் ‘ப்ளூ’. ‘ந’வோடு வந்தால் ‘இனி வேண்டாம்’. ‘ந’ இல்லாமல் வந்தால் ‘இன்னும் வேண்டும்’. பேச்சில்தான் ‘ந’ விழுந்துவிடுகிறதே! மேசையில் சோற்றுக் கரண்டியோடு ஒருவர் காத்திருக்கும்போது வேறுபாட்டைத் தாங்குவது ஒரே ஒரு மெய்: ‘ப்ளூஸ்’ என்று ‘ஸ்’ ஒலித்தால் இன்னும் வேண்டும், ‘ப்ளூ’ என்று நின்றால் போதும்.

ஒலி ஒற்றுமையை நம்பலாமா?

கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆமாம். எல்லையைத் தாண்டிப் பல்கேரியா போனால் ‘நே’ என்றால் இல்லை. போதாக்குறைக்கு, பல்கேரியர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம். போலந்துக்காரர் சகஜமாகப் பேசும்போது ‘நோ’ என்பது ‘ஆமா’ என்று ஆமோதிப்பது. ஓரிரண்டு ஒலி கொண்ட சொற்களில் இப்படி முட்டிக்கொள்வது தவிர்க்க முடியாதது. எந்த மொழியிலும் வாய் எளிதில் எழுப்பும் மெய்கள் சிலவே. அவற்றை உயிர்களோடு சேர்த்தால் கிடைக்கும் ஓரசைகள் சில நூறுதான். ஆயிரக்கணக்கான மொழிகள் அதே சில நூறைப் பங்கு போடுகின்றன. அதனால் சொல் எவ்வளவு குட்டையோ, ஒலி ஒற்றுமை அவ்வளவு மலிவு.

நீளச் சொல்லும் ஏமாற்றும். லத்தீன் ‘ஹபேரே’, ஜெர்மன் ‘ஹாபென்’ இரண்டுக்கும் ‘உடைமையாகக் கொள்’ என்ற பொருள்; ஒலியும் ஒத்துப்போகிறது; ஆனால் உறவு இல்லை. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் முறைப்படுத்திக் காட்டிய ஒலிமாற்ற விதி இதைப் பிடித்துக் கொடுக்கிறது. லத்தீனில் சொல்லின் முதலில் ‘க’ இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ இருக்கும். நூறு: ‘கெந்தும்’, ‘ஹுண்டர்ட்’. கொம்பு: ‘கோர்னு’, ‘ஹோர்ன்’. நாய்: ‘கானிஸ்’, ‘ஹுண்ட்’. அப்படியானால் ‘ஹாபென்’னின் லத்தீன் உறவு ‘க’வில் தொடங்க வேண்டும். தேடினால் கிடைக்கிறது: ‘காபெரே’, பிடி. நாளைக் குறிக்கும் லத்தீன் ‘தியேஸ்’, ஆங்கில ‘டே’; நிறைய என்ற பொருளுள்ள ஸ்பானிஷ் ‘மூச்சோ’, ஆங்கில ‘மச்’; கடவுளைக் குறிக்கும் லத்தீன் ‘தேயுஸ்’, கிரேக்க ‘தெயோஸ்’: மூன்று சோடியிலும் உறவு கிடையாது.

நீங்களே ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பதென்றால், முதலில் அதன் இன்றைய ஒலியை மறந்துவிட்டு, பதிவான மிகப் பழைய வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்பானிஷுக்கு அரச அகாதமி அகராதியில் பல பதிவுகளின் தலைப்பிலேயே மூலம் ஒரு வரியில் இருக்கும். ஜெர்மனுக்கு ‘டி-டபிள்யூ-டி-எஸ்’ தளத்திலும், பிரெஞ்சுக்கு ‘சி-என்-ஆர்-டி-எல்’ தளத்திலும் விரிவாக, இலவசமாகக் கிடைக்கும். அங்கே சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் காணப்பட்டதல்ல, ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது. கோண அடைப்பின் முனை இடப்பக்கம் பார்த்தால் (<) ‘இதிலிருந்து வந்தது’ என்று படிக்க வேண்டும். அடுத்து, அதே ஒலிமாற்றம் வேறு மூன்று நான்கு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல்லில் மட்டும் நடந்ததாகச் சொல்லும் விளக்கத்தைத் தள்ளிவையுங்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவான சுருக்கம் என்று பழைய சொல்லுக்கு மூலம் சொல்லும் கதைகளையும் அப்படியே. கடைசியாக, அகராதி தரும் ஆண்டு அந்தச் சொல் யாரோ எழுதி நமக்குக் கிடைத்த ஆண்டு மட்டுமே. ‘ஆமாம்’, ‘இல்லை’ போன்றவை ஏட்டில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே வாயில் புழங்கியிருக்கும்.